அடுத்த காப்பீட்டு ஒப்பந்தம் எழுதப்படும் முன்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்பநலத் துறைச் செயலர் அவர்களுக்கும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நடத்தும் அலுவலர்களுக்கும், வணக்கம்.

இந்தத் திட்டத்துக்காக அரசு காப்பீட்டு நிறுவனத்தோடு செய்துகொண்ட, 2022 ஜனவரி 11 முதல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் ஐந்தாண்டுகளுக்கானது. அது முடியும் நாள் நெருங்கும்போது, அடுத்த ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை எழுதும் கோப்புகள் உங்கள் மேசைக்கு வரும். அந்தக் கோப்புகளோடு இந்த மடலையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். விழுப்புரம் மாவட்டத்தில் 31 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். ஓய்வுக்குப் பிறகும், ஊரில் யாருக்காவது ஆஸ்பத்திரிச் செலவு என்று வந்தால், ரேஷன் அட்டையையும் ஆதாரையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு முதலில் என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருகிறார்கள். அவர்களோடு காப்பீட்டு கவுன்ட்டர்களின் முன்னால் நான் நின்ற நாள்கள் பல.

காப்பீட்டை விரிவாக்குவதைப் பற்றிய பேச்சு எப்போதும் இரண்டு எண்களைச் சுற்றியே நடக்கிறது: எத்தனை குடும்பங்களுக்கு அட்டை, ஒரு குடும்பத்துக்கு எத்தனை லட்சம். நான் கேட்பது மூன்றாவது ஓர் எண்ணை. சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளிலும் அதற்கு அடுத்த ஓராண்டிலும் அந்தக் குடும்பத்தின் கையிலிருந்து எவ்வளவு பணம் போயிற்று? இதை அளக்காமலும், இதைக் குறைப்பதை ஒப்பந்தத்தின் நிபந்தனையாக எழுதாமலும், அட்டைகளையும் லட்சங்களையும் மட்டும் கூட்டிக்கொண்டே போனால் நோயால் கடனாளியாகும் குடும்பங்கள் கடனாளியாகவே இருக்கும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இந்தத் திட்டத்தைக் குறைத்துப் பேசும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. நான் பணியில் சேர்ந்த காலத்தில், பிறவியிலேயே இதயத்தில் ஓட்டையோடு பிறந்த குழந்தையின் தாயிடம் ‘சென்னைக்குக் கொண்டுபோங்கள்’ என்று சொல்வதைத் தவிர என்னிடம் வேறு வழி இருந்ததில்லை. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியபோது, நான்கு ஆண்டுகளுக்கு ஒரு லட்சம் ரூபாய் என்ற அளவிலாவது அந்தத் தாய்க்கு ஒரு வாசல் திறந்தது. 2012 ஜனவரியில் அது ஆண்டுக்கு ஒரு லட்சமாக மாற்றி அமைக்கப்பட்டது. 2018 செப்டம்பரில் ஒன்றிய அரசின் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தோடு இணைக்கப்பட்டு, பின்னர் ஐந்து லட்சம் வரை உயர்ந்தது. ஆட்சிகள் மாறியபோதும் பெயர் மாறியதே தவிர திட்டம் கைவிடப்படவில்லை; நம் மாநிலத்துக்கு இது ஒரு பெருமை. காதுகேளாத குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்தப்பட்டு, முதன்முதலில் தாயின் குரலைக் கேட்டுத் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்த முகத்தை நான் நேரில் கண்டிருக்கிறேன். அந்தக் குடும்பம் ஆயுளுக்கும் சேர்த்துவைத்தாலும் அந்தக் கருவியை வாங்கியிருக்க முடியாது.

இவ்வளவும் உண்மையாக இருக்கும்போதே நடந்த இன்னொன்றைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு கொத்தனார், வயது 52. ஐப்பசி மாதத்து இரவொன்றில் நெஞ்சை அடைப்பதாகச் சொன்னவர், வியர்வையில் நனைந்து சுவரோடு சாய்ந்துவிட்டார். 108 வந்தது, அரசு மருத்துவமனையில் உடனே ஈசிஜி எடுத்து, கட்டியைக் கரைக்கும் ஊசியும் போட்டார்கள். உயிர் தங்கியது அங்கேதான். மறுநாள் ஆஞ்சியோ, அதாவது இதயக் குழாய் அடைப்பைப் பார்க்கும் பரிசோதனை, செய்ய வேண்டும் என்றதும், மகன் பதற்றத்தில் நகரத்திலுள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்கு அவரை மாற்றினான். திட்டத்தில் இணைந்த மருத்துவமனைதான். வாசலிலேயே பலகை இருந்தது. நானும் உடன் சென்றேன். கவுன்ட்டரில் இருந்த பெண் கணினியில் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, காப்பீட்டு அட்டையில் இனிஷியல் பெயருக்கு முன்னாலும் ஆதாரில் பெயருக்குப் பின்னால் விரித்தும் எழுதப்பட்டிருப்பதால் காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதி கிடைக்கத் தாமதமாகும், அதுவரை 40,000 ரூபாய் முன்பணம் கட்டுங்கள், அனுமதி வந்ததும் திருப்பித் தந்துவிடுவோம் என்றார். அவர் கடுமையாகப் பேசவில்லை. தினமும் பத்துப் பேரிடம் சொல்லும் ஒரு வாக்கியத்தைப் பதினோராவது ஆளிடம் சொல்லும் அயர்ச்சிதான் அவர் குரலில் இருந்தது.

கொத்தனாரின் மனைவி அங்கேயே கழுத்திலிருந்த ஒரு சவரன் சங்கிலியைக் கழற்றினார். கொக்கி திருகிக்கொண்டு வரவில்லை; நான்தான் பின்னால் நின்று கழற்றிக் கொடுத்தேன். மகன் அதை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போனான். மூன்றாம் நாள் அனுமதி வந்தது, அடைத்த இதயக் குழாயை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள், சிகிச்சையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீடு திரும்பும் நாளில் 24,500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். மீதி 15,500 ரூபாய், அனுமதிக்கு முந்தைய பரிசோதனைகளுக்கும் ‘தொகுப்பில் வராத பொருள்களுக்கும்’, அதாவது அந்தச் சிகிச்சைக்குத் திட்டம் தரும் மொத்தக் கட்டணத்தில் அடங்காதவற்றுக்கும், என்று முத்திரையில்லாத ஒரு துண்டுச் சீட்டில் எழுதப்பட்டிருந்தது. எந்தப் பொருள்கள் என்று கேட்டேன். பதில் சொல்ல வேண்டியவர் உணவு இடைவேளைக்குப் போயிருந்தார்.

அதற்குப் பிறகுதான் உண்மையான செலவு தொடங்கியது. இரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரைகள், கொழுப்புக்கு ஒன்று, இரத்த அழுத்தத்துக்கு ஒன்று. மாதம் 1,350 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 16,200. மருத்துவமனையில் போன பணத்தைவிட இது அதிகம். நான்கு மாதம் அவர் சாரம் ஏறவில்லை. 60,000 ரூபாய்க்குக் குறையாத கூலி போயிற்று. அரசின் கணக்கில் இந்தக் குடும்பம் கட்டணமின்றிச் சிகிச்சை பெற்ற பயனாளி. அந்தச் சங்கிலி இன்னும் அடகுக் கடையில் இருக்கிறது.

இந்த ஒரு நிகழ்வுக்குள்ளேயே விரிவாக்கத்தின் சிக்கல்கள் பெரும்பாலும் அடங்கியிருக்கின்றன என்று நினைக்கிறேன். முதலில் வருமான வரம்பைப் பற்றி எழுதுகிறேன்.

2012 முதல் பத்தாண்டுகள் ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயாகவே இருந்தது. 2022-இல் அது 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதாவது ஒரு குடும்பம் முழுவதற்கும் மாதம் பத்தாயிரம். எங்கள் பகுதியில் ஒரு கொத்தனாருக்கு நாள் கூலி 900 ரூபாய். ஆண்டில் 200 நாள் வேலை கிடைத்தாலே 1,80,000. மனைவி சித்தாள் வேலைக்குப் போனால் அதற்கும் மேல். இந்தக் கணக்கை நேர்மையாக எழுதினால் உடலால் உழைக்கும் பல குடும்பங்கள் திட்டத்துக்குள் வர முடியாது. ஆகவே கிராம நிர்வாக அலுவலர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தொகையை எழுதித் தருகிறார், குடும்பமும் தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொள்கிறது. மழைக்காலத்தில் வேலை இல்லாத நாள்களையும், கையில் நிற்காமல் வட்டிக்குப் போகும் கூலியையும் பார்த்தவள் என்ற முறையில் அந்தச் சான்றிதழைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால், ஒரு நல்ல திட்டத்தின் வாசலில் ஏழைகளைத் தயங்கித் தயங்கி நிற்கவைக்கும் ஏற்பாடு சரியானதா என்று நீங்கள் சிந்திக்க வேண்டும்.

கையில் ரொக்கமாகக் கூலி வாங்குபவருக்காவது இந்த வழி இருக்கிறது. வங்கிக் கணக்கில் சம்பளம் வாங்குபவரின் நிலை இன்னும் மோசம். பக்கத்து ஊரில் ஒரு பெண், ஆறு பேர் வேலை செய்யும் ஜவுளிக்கடையில் விற்பனையாளர், மாதச் சம்பளம் 12,000 ரூபாய். தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பான தொழிலாளர் அரசு ஈட்டுறுதியில் (ஈ.எஸ்.ஐ.) சேர மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கலாம். ஆனால் அவர் வேலை செய்யும் இடத்தில் குறைந்தது பத்துப் பேர் இருக்க வேண்டும். கடையில் ஆறு பேர்தான் என்பதால் ஈ.எஸ்.ஐ. இல்லை. ஆண்டு வருமானம் 1,44,000 ஆகிவிட்டதால் முதலமைச்சர் திட்டமும் இல்லை. தனியார் காப்பீட்டு நிறுவனத்தில் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்குப் பாலிசி எடுக்க ஒரு மாதச் சம்பளம் போதாது. நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கை, மக்கள்தொகையில் குறைந்தது 30 விழுக்காட்டினர், ஏறத்தாழ 40 கோடிப் பேர், எந்த மருத்துவக் காப்பும் இல்லாமல் இடைவெளியில் நிற்கிறார்கள் என்று கூறியது. அந்த 40 கோடியில் ஒருவரின் முகம் எனக்குத் தெரியும். அவருக்கு மார்பில் கட்டி இருக்கிறது என்று முதலில் கையால் தொட்டுச் சொன்னவள் நான்தான். மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி எட்டு வாரம் ஆகியும், ‘சீட்டுப் பணம் வந்ததும் போகிறேன்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அரசு மருத்துவமனைக்கு நானே அழைத்துப்போய்ப் பார்க்கவைத்தேன். ஆனால் எல்லாத் தெருவிலும் ஓய்வு பெற்ற செவிலியர் இருக்கமாட்டார்.

ஒன்றிய அரசின் பக்கம் வேறொரு சிக்கல். 2018-இல் தொடங்கிய அதன் திட்டம் 2011-ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை அடித்தளமாகக் கொண்டது. அதற்குப் பிறகு திருமணமாகித் தனிக்குடித்தனம் போனவர்கள், கணவனை இழந்து பிறந்த வீடு திரும்பியவர்கள், பிழைப்புக்காக ஊர் மாறியவர்கள் என எத்தனையோ குடும்பங்கள் அந்தப் பட்டியலுக்கு வெளியே உருவாகிவிட்டன. 2024 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை, வருமானம் பார்க்காமல் 70 வயது நிறைந்த அனைவரையும் சேர்க்க ஒப்புதல் அளித்தது. முதியோருக்கு இது பெரிய ஆறுதல், நான் மனதார வரவேற்கிறேன். இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, வருமானத்தை நிரூபிக்கச் சொல்லாமலே ஒரு பிரிவினரை முழுமையாகச் சேர்க்க முடியும் என்பதை. நம் மாநிலமே அதை முன்னால் செய்து காட்டியிருக்கிறது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டு வருபவர் எந்த மாநிலத்தவர், அட்டை இருக்கிறதா, வருமானம் எவ்வளவு என்று கேட்காமலேயே முதல் 48 மணி நேரச் சிகிச்சை தரப்படுகிறது. லாரி மோதியவருக்குக் கேட்காத சான்றிதழை மாரடைப்பு வந்தவரிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்? குறைந்தபட்சம், மாரடைப்பு, பக்கவாதம், பாம்புக்கடி, பிரசவச் சிக்கல் போன்ற அவசரங்களில் ரேஷன் அட்டை ஒன்றே போதும், மற்ற ஆவணங்களைப் பின்னால் சரிபார்த்துக்கொள்ளலாம், அதுவரை ஒரு ரூபாய்கூட முன்பணம் வாங்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பெயரின் எழுத்து வேறுபாட்டுக்காக எந்த நோயாளியையும் காக்கவைக்கக் கூடாது என்பதையும் அதே பத்தியில் சேர்த்துவிடுங்கள். தமிழர் பெயர்களில் இனிஷியல் இருக்கும் இடம் எல்லா ஆவணத்திலும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதே தவறு.

அடுத்தது, மருத்துவமனையில் படுக்காத நோயாளி. இதைப் பற்றி நான் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் என் பணிக்காலம் முழுவதும் நான் பார்த்தவர்கள் அவர்களைத்தான்.

காப்பீடு என்பது உள்நோயாளியாகச் சேர்ந்து, பட்டியலில் உள்ள ஒரு சிகிச்சையைப் பெறுபவருக்கானது. ஒன்றிய அரசின் திட்ட விதிப்படி சேர்வதற்கு முந்தைய 3 நாள்களும் வீடு திரும்பிய பின் 15 நாள்களும் அதில் அடங்கும். ஆனால் எங்கள் மக்களைச் சிறிது சிறிதாக அரிப்பது சர்க்கரை, இரத்த அழுத்தம், ஆஸ்துமா, மூட்டுவலி, மனநலக் குறைவு, வலிப்பு போன்றவை. இவற்றுக்கு ஆயுள் முழுவதும் மாத்திரை வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை வேண்டும். இந்தச் செலவு இந்தக் காப்பீட்டு அட்டையில் வராது. அதனால் என்ன நடக்கிறது தெரியுமா? மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொள்கிறார்கள். ‘இப்ப நல்லாத்தானே இருக்கேன்’ என்று நிறுத்திவிடுகிறார்கள். சில ஆண்டுகள் கழித்து அவர்களே சிறுநீரகம் செயலிழந்து வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸுக்கு வருகிறார்கள். அப்போது காப்பீடு அவர்களுக்குக் கைகொடுக்கிறது. மாதம் சில நூறு ரூபாய் மாத்திரைக்கு இடம் தராத ஏற்பாடு, அதே மனிதருக்கு ஆண்டுக்கு நூறு டயாலிசிஸுக்கு இடம் தருகிறது. டயாலிசிஸ் கட்டாயம் தரப்பட வேண்டும். அதில் மாற்றுக் கருத்து இல்லை. அந்த நிலைக்கு ஒருவர் வந்து சேராமல் இருக்கச் செலவிடும் பணத்துக்கும் அதே அக்கறை வேண்டும் என்கிறேன்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டுக்கு இருக்கும் வாய்ப்பு இந்தியாவில் வேறு பல மாநிலங்களுக்கு இல்லை. 1994-இல் உருவாக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பும் முறையைப் பார்த்துப் பிற மாநிலங்கள் கற்றுக்கொண்டிருக்கின்றன. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. ஆனால், காப்பீடும் இந்த இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியே நடக்கின்றன. எங்கள் கொத்தனாருக்குத் தேவையான வகை மாத்திரைகள் அரசு மருந்தகத்தில் விலையின்றிக் கிடைக்கக்கூடியவையே. ஆனால் தனியார் மருத்துவமனை கொடுத்த சீட்டில் அவை வணிகப் பெயரில் எழுதப்பட்டிருந்தன. மருந்தகத்தில் அந்தச் சீட்டை நீட்டியபோது ‘இந்தப் பேருல இல்லம்மா’ என்ற பதில்தான் அவர் மனைவிக்குக் கிடைத்தது. அவரும் நம்பித் திரும்பிவிட்டார். ஆறு மாதம் கடந்த பிறகே எனக்குத் தெரியவந்தது. காப்பீட்டின் கீழ் சிகிச்சை தரும் ஒவ்வொரு மருத்துவமனையும் வீடு திரும்பும் நோயாளியின் சீட்டில் மருந்துகளை மூலப் பெயரில் எழுத வேண்டும், அந்தச் சீட்டின் நகல் அன்றே நோயாளியின் ஊருக்குரிய ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும், அடுத்த வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஒரு விதி இருந்திருந்தால், மாத்திரைக்குப் போன பணம் முழுவதும் அந்தக் குடும்பத்தில் மிஞ்சியிருக்கும். இதற்குப் புதிதாகப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை.

தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, இந்தியாவில் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து தருவது 2013-14-இல் 64.2 விழுக்காடாக இருந்து 2021-22-இல் 39.4 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. இந்த மாற்றத்தில் மகிழ்ச்சியே. ஆனாலும் நூறு ரூபாயில் ஏறத்தாழ நாற்பது ரூபாய் அந்த ஆண்டிலும் மஞ்சப்பையிலிருந்துதான் வந்தது.

இனி மருத்துவமனைகளின் பக்கம். முன்பணம் கேட்ட அந்த மருத்துவமனையின் மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அங்கே நிர்வாகத்தில் இருந்த ஒருவர் பின்னர் என்னிடம் பொறுமையாகப் பேசினார். தொகுப்புக் கட்டணம் நிர்ணயிக்கப்பட்டபோது இருந்த செவிலியர் சம்பளமும் மின்கட்டணமும் இப்போது இல்லை, காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பிய கட்டணக் கோரிக்கைகளில் சில காரணம் தெரியாமலே குறைக்கப்படுகின்றன, பணம் வரும் நாளும் உறுதியில்லை என்றார். இவை மருத்துவமனை செய்ததை நியாயப்படுத்தா. ஆனால் இவற்றைக் கேட்காமல் ஒதுக்கவும் முடியாது. 2025 ஆகஸ்டில் அரியானா மாநிலத்தில் தனியார் மருத்துவமனைகள் நிலுவைத் தொகை வராததால் ஆயுஷ்மான் என்ற ஒன்றிய அரசுத் திட்டத்தின் சிகிச்சையையே நிறுத்திவைத்தன. அட்டை கையில் இருந்தும் மருத்துவமனைக் கதவு மூடிக்கொண்டால், அட்டையை விரிவாக்கியதால் பயன் என்ன? கட்டணத்தை உண்மையான செலவின் அடிப்படையில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்வதும், குறித்த நாளுக்குள் பணம் தராவிட்டால் காப்பீட்டு நிறுவனம் வட்டி கட்டுவதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அதற்கு ஈடாக, நோயாளியிடம் ஒரு ரூபாய் வாங்கினாலும் இரு மடங்காகத் திருப்பித் தர வேண்டும் என்ற விதியும் இருக்கட்டும்.

விலையை அரசு கட்டுப்படுத்தவே முடியாது என்று சொல்பவர்களுக்கு ஸ்டென்ட்டே சான்று. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என உச்சவரம்பு வைத்தது. அதற்கு முன் ஒரு லட்சத்துக்கும் மேலே விற்கப்பட்டது அது. அதன் பிறகும் நாடு முழுவதும் ஸ்டென்ட் வைக்கும் சிகிச்சை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

முறைகேடுகளைப் பற்றியும் ஒரு சொல். இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் 2023 ஆகஸ்டில் தந்த அறிக்கையில், ஒன்றிய அரசின் திட்டத்தில் ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகள் 9999999999 என்ற ஒரே கைப்பேசி எண்ணோடு பதிவாகியிருப்பதும், இறந்ததாகக் குறிக்கப்பட்டவர்களின் பெயரில் சிகிச்சை தொடர்ந்ததும் வெளிப்பட்டன. இப்படி ஒரு செய்தி வந்ததும் முதலில் இறுகுவது கவுன்ட்டர்தான். விரல்ரேகை, ஓடிபி, புகைப்படம் என்று அடுக்கடுக்காக வருகின்றன. செங்கல் சுமந்து தேய்ந்த விரலில் ரேகை பதியாமல், கிழவி ஒருத்தி கையைச் சேலையில் துடைத்துத் துடைத்து மறுபடி மறுபடி வைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஏமாற்றுவது மருத்துவமனையும் இடைத்தரகரும் என்றால் சோதனை அவர்களின் கோரிக்கைகள்மேல் இருக்க வேண்டும். வீடு திரும்பிய ஒவ்வொரு நோயாளியிடமும் ஒரு வாரத்துக்குள் துறையின் ஆள் ஒருவர் தமிழில் பேசி, ‘உங்கள் பெயரில் இவ்வளவு தொகை கேட்டிருக்கிறார்கள், இந்தச் சிகிச்சைதான் நடந்ததா, உங்கள் கையிலிருந்து எவ்வளவு கொடுத்தீர்கள்’ என்று கேட்டாலே பாதி முறைகேடு வெளியே வந்துவிடும். நான் முன்னே சொன்ன மூன்றாவது எண்ணும் அங்கேயே கிடைத்துவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் பெரிய கேள்வி, காப்பீட்டுப் பணம் எங்கே போய்ச் சேருகிறது என்பது. அட்டை எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆஞ்சியோ செய்யும் மருத்துவர் எல்லா ஊரிலும் இல்லை. நீலகிரி மலையில் இருப்பவர் கோவைக்கு இறங்க வேண்டியிருக்கிறது, எங்கள் பகுதி மக்கள் புதுச்சேரிக்கோ சென்னைக்கோ போகிறார்கள். தாய்லாந்து 2002-இல் ‘30 பாட்’ திட்டத்தின் மூலம் எல்லாக் குடிமக்களுக்கும் சிகிச்சையை உறுதி செய்தபோது, அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் ஊர்ப்புற மாவட்ட மருத்துவமனைகளைக் கட்டி, கிராமப்புறத்தில் மருத்துவர்களைத் தங்கவைத்திருந்தது. புறநோயாளிச் சிகிச்சையும் முதலிலிருந்தே அதில் சேர்ந்திருந்தது. பணக்கார நாடாக இல்லாதபோதே அதைச் செய்தார்கள். 2022 ஜனவரியில் நம் மாநிலத்தில் அரியலூர், கள்ளக்குறிச்சி, இராமநாதபுரம், நீலகிரி உட்பட 11 இடங்களில் புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்டன. அந்தக் கட்டடங்களில் இதய மருத்துவரும், நரம்பியல் மருத்துவரும், ஆஞ்சியோ செய்வதற்கான, இரவிலும் இயங்கும் கேத் லேப்பும் இருந்தால், காப்பீட்டுப் பணம் அரசு மருத்துவமனைக்கே திரும்பி வரும். கொத்தனாரின் மகனும் பதற்றத்தில் நகரத்துக்கு ஓடமாட்டான்.

பணம் எங்கிருந்து வரும் என்று நிதித் துறை கேட்கும். கேட்பது அவர்கள் கடமை. 2022 ஒப்பந்தத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுப் பிரீமியம் 849 ரூபாய், 1.37 கோடிக் குடும்பங்கள். ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு இரண்டரை ரூபாய்கூட ஆகவில்லை. 2017 தேசிய சுகாதாரக் கொள்கை, அரசின் மருத்துவச் செலவை 2025-க்குள் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவதாக உறுதி கூறியது. 2021-22-இல், கொரோனாச் செலவையும் சேர்த்தே, அது 1.84 விழுக்காடுதான். ஆகவே, நான் கேட்பவற்றுக்கு இடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இருக்கும் பணத்தில் எதை முதலில் செய்வது என்று என்னைக் கேட்டால், உச்சவரம்பை ஐந்து லட்சத்திலிருந்து பத்து லட்சமாக உயர்த்துவதைக் கடைசியில் வைப்பேன். ஐந்து லட்சத்தைத் தாண்டும் குடும்பங்கள் எங்கள் பகுதியில் அரிது, மாத்திரைக்கும் முன்பணத்துக்கும் அடகு வைக்கும் குடும்பங்கள் தெருவுக்குத் தெரு.

அடுத்த ஒப்பந்தத்தின் வரைவை, கையெழுத்தாகும் முன், தமிழில் வெளியிடுங்கள். ஒவ்வொரு மாவட்டத் தலைமையிடத்திலும் ஒருநாள் கூட்டம் வைத்து, சிகிச்சை பெற்றுத் திரும்பியவர்களையும் கவுன்ட்டரில் உட்காரும் பணியாளர்களையும் கிராம சுகாதார செவிலியர்களையும் அழைத்துக் கேளுங்கள். விழுப்புரத்தில் அந்தக் கூட்டம் நடந்தால் நான் வருகிறேன். கொத்தனாரின் மனைவியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். முத்திரையில்லாத அந்தத் துண்டுச் சீட்டையும் அடகுக் கடை ரசீதையும் இன்னும் மஞ்சப்பையில் பத்திரமாக வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
விழுப்புரம் மாவட்டம்.